எந்த லினக்ஸ் நம் வீட்டுக்கு?

(பொது நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குக் கொடுத்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அந்தத் தேதியிலிருந்து ஓராண்டு கிடைக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்று பார்த்தால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், அது ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் உள்ள பிராசசர் வேண்டும். விசைப்பலகை நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, பேட்டரிகூடத் தாக்குப்பிடிக்கிறது; ஆனாலும் அந்த லேப்டாப் பழையதாகிவிட்டது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. "லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்" என்று யாரோ சொல்கிறார்கள். சரி என்று தேடப் போனால் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா, ஆர்ச், மஞ்சாரோ, ஓப்பன்சூசே, ஸோரின் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள்.

"அது அவரவர் விருப்பம்" என்று சொல்லி நான் நழுவப் போவதில்லை. பெயரைச் சொல்லித்தான் முடிப்பேன். ஆனால் அந்தப் பெயருக்கான காரணத்தை முதலில் உங்களிடம் கொடுத்துவிட வேண்டும். ஐந்தாண்டு கழித்துப் பெயர்கள் மாறலாம். காரணம் கையில் இருந்தால் அன்றைக்கும் நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வீர்கள்.

லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் கர்னல் மட்டுமே. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கியது அது. பிராசசரையும் நினைவகத்தையும் வட்டையும் நிர்வகிக்கிற உட்கரு. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட அடிக்க முடியாது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த ஜிஎன்யூ திட்டத்தின் கருவிகள் வேண்டும், திரையில் ஜன்னல்களைக் காட்ட ஒரு டெஸ்க்டாப் வேண்டும், பிரவுசர் வேண்டும், எழுத்துருக்கள் வேண்டும். இவையெல்லாம் உலகெங்கும் வெவ்வேறு கைகளில் உருவாகின்றன. அவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று சோதித்து, கையொப்பமிட்டு, உங்களிடம் சேர்த்து, பிறகு ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் திருத்தமும் அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு குழு வேண்டும். அந்தக் குழுவின் வேலைக்குத்தான் டிஸ்ட்ரோ என்று பெயர். 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கெர்டிங் ஸ்லாக்வேரை வெளியிட்டார். அடுத்த மாதமே இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். இன்று உயிரோடிருப்பவற்றில் மிகப் பழையவை இவை இரண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். யூடியூபில் ஒரு திரை அழகாக இருக்கும். கீழே ஐகான்கள் துள்ளும். "இதுதான் எனக்கு வேண்டும்" என்று தோன்றிவிடும். அந்த அழகு டிஸ்ட்ரோவினுடையது இல்லை. அது க்னோம், கேடிஈ பிளாஸ்மா, சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ போன்ற டெஸ்க்டாப்களில் ஏதோ ஒன்று. அதே பிளாஸ்மா டெபியனிலும் கிடைக்கும், ஃபெடோராவிலும் கிடைக்கும், ஆர்ச்சிலும் கிடைக்கும். பின்னணிப் படத்தை மாற்றிவிட்டால் எது எது என்று பழகியவர்களுக்கே உடனே தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற பகுதியை எங்கே வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது அதன் பின்னால் இருக்கிற ஆட்களும் அவர்கள் வேலை செய்யும் தாளமும்.

இன்னொரு பொறி, டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் தரவரிசை. 2001 முதல் நடக்கிற நல்ல தளம் அது. தகவலுக்கு நானும் போவதுண்டு. ஆனால் அங்கே இருக்கும் வரிசை, அந்தத் தளத்தில் எந்த டிஸ்ட்ரோவின் பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கு. எத்தனை வீடுகளில் ஓடுகிறது என்பதற்கு அதில் விடை இல்லை.

தாளம் என்றேன். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவைத் தீர்மானிப்பதில் பாதி இதுதான்.

டெபியன் ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை நிலையான பதிப்பு வெளியிடுகிறது. 2023 ஜூனில் புக்வார்ம், 2025 ஆகஸ்டில் ட்ரிக்ஸி. ட்ரிக்ஸியில் ஏறத்தாழ 70,000 மென்பொருள் பேக்கேஜ்கள். வெளியான பிறகு அவற்றின் பதிப்பு எண்கள் பெரும்பாலும் அசையாது. பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் புதிய பதிப்பைக் கொண்டுவராமல், பழைய பதிப்பிலேயே அந்த ஓட்டையை மட்டும் அடைத்து அனுப்புகிறார்கள். மூன்றாண்டு முழு ஆதரவு, அதன்பின் நீண்டகால ஆதரவுக் குழுவின் கையில் இன்னும் இரண்டாண்டு. உபுண்டுவின் எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளும் இதே போக்கில்தான்: இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் ஒன்று, ஐந்தாண்டு ஆதரவு. 24.04 என்ற எண்ணே 2024ஆம் ஆண்டு நான்காம் மாதம் என்பதைத்தான் குறிக்கிறது. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 13 மாதம்தான் ஆயுள். ஆர்ச்சுக்கும் ஓப்பன்சூசே டம்பிள்வீடுக்கும் பதிப்பு என்பதே கிடையாது. எழுதியவர் வெளியிட்ட சில நாட்களில் புதியது உங்கள் கணினிக்கு வந்துவிடும்.

புதியது உடனே வருவது நல்லதுதானே என்று கேட்பீர்கள். 2024 மார்ச் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் பொறியாளர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர். டெபியனின் நிலையற்ற கிளை ஓடும் ஓர் இயந்திரத்தில் அளவீடுகள் செய்துகொண்டிருந்தார். எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியே நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடி. வேறு யாராக இருந்தாலும் நெட் மெதுவாக இருக்கிறது என்று விட்டிருப்பார்கள். அவர் விடாமல் துருவிக்கொண்டே போனார். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் சாதாரண மென்பொருளில் போய் நின்றது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டாண்டுக்கும் மேலாக ஒழுங்காக உழைத்து, அந்தத் திட்டத்தின் நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசலைப் புதைத்து வைத்திருந்தார். உரிய சாவி வைத்திருப்பவர், பாதிக்கப்பட்ட சர்வருக்குள் கடவுச்சொல் இல்லாமலே கட்டளை இட முடியும். மார்ச் 29 அன்று ஃப்ராய்ண்ட் அதை ஊரறியச் சொன்னார்.

அந்த நாளில் அந்தப் பதிப்புகள் எங்கே போய்ச் சேர்ந்திருந்தன? டெபியனின் சோதனைக் கிளைகளில், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்பில், டம்பிள்வீடில், ஆர்ச்சில். டெபியன் நிலையான பதிப்பில் இல்லை. உபுண்டு எல்டிஎஸ்ஸில் இல்லை. மின்ட்டில் இல்லை. ஆர்ச்சில் அது கட்டமைக்கப்பட்ட விதத்தால் பின்வாசல் திறக்கவில்லை என்பதையும், பாதிக்கப்பட்ட குழுக்கள் அனைத்தும் மிக விரைவாகப் பழைய பதிப்புக்குத் திரும்பின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. முன்வரிசையில் நின்று புதியதை முதலில் வாங்கிக்கொள்பவர்கள் இருப்பதால்தான் கோளாறு பின்வரிசைக்கு வருமுன் பிடிபடுகிறது. அந்த முன்வரிசை ஒரு தொண்டு. விருப்பமும் நேரமும் இருப்பவர்கள் அதைச் செய்யட்டும். மின்கட்டணம் கட்டவும் பிள்ளைகளின் பாடத்துக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் கணினி வைத்திருக்கிற குடும்பம் பின்வரிசையில் நிற்பதே முறை.

மெதுவான தாளத்துக்கு ஒரு காலத்தில் பெரிய விலை இருந்தது: பிரவுசர் முதல் எல்லாமே பழசாக இருக்கும். இன்று அந்த விலை குறைந்துவிட்டது. நிலையான டிஸ்ட்ரோக்களும் ஃபயர்ஃபாக்ஸுக்குத் தொடர்ந்து புதுப்பிப்பு தருகின்றன. மற்ற மென்பொருள்களில் புதியதுதான் வேண்டும் என்றால் ஃபிளாட்ஹப் என்ற மென்பொருள் களஞ்சியத்திலிருந்து ஃபிளாட்பேக் என்ற வடிவில் இறக்கிக்கொள்ளலாம். அது எந்த டிஸ்ட்ரோவிலும் ஒரே மாதிரி ஓடும். அடித்தளம் அசையாமல் இருக்க, மேலே வேண்டியதை மட்டும் புதிதாக வைத்துக்கொள்ள முடிகிறது.

அடுத்து, பின்னால் இருப்பவர்கள் யார் என்ற கேள்வி. சென்ட்ஓஎஸ் என்று ஒரு டிஸ்ட்ரோ இருந்தது. அதன் எட்டாம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பிப் பல நிறுவனங்கள் போட்டிருந்தன. 2020 டிசம்பரில், அதன் பின்னால் இருந்த ரெட்ஹாட் நிறுவனம், 2021 முடிவோடு சரி என்று அறிவித்துவிட்டது. பிரான்சில் பிறந்த மாண்ட்ரேக், பின்னாளில் மாண்ட்ரிவா, ஒரு காலத்தில் வீட்டுப் பயனர்களின் செல்லப்பிள்ளை. அதன் நிறுவனம் 2015இல் கலைக்கப்பட்டது. ஆர்ச்சை எளிதாக்கித் தந்த ஆண்டர்காஸ், நேரமில்லை என்று 2019இல் மூடப்பட்டது. இன்டெல் போன்ற பெரிய நிறுவனம் நடத்திய கிளியர் லினக்ஸ்கூட 2025 ஜூலையில் நின்றது. பணம் இருந்தால் நிற்கும் என்றும் சொல்ல முடியாது, ஆர்வம் இருந்தால் நிற்கும் என்றும் சொல்ல முடியாது. டெபியனைத் தொடங்கிய இயன் மர்டாக் சில ஆண்டுகளிலேயே தலைமையிலிருந்து விலகினார், 2015இல் காலமானார். டெபியன் நிற்கவில்லை. தலைவரை ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். விதிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் போனால் வேலை அடுத்தவர் கைக்குப் போகிறது. அவர்களின் உலக மாநாடு 2023 செப்டம்பரில் நம் பக்கத்துக் கொச்சியில்தான் நடந்தது. ஆகவே போன மாதம் பிறந்த டிஸ்ட்ரோவை, அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், வீட்டின் ஒரே கணினியில் போடாதீர்கள். பத்தாண்டாவது நின்று காட்டியதைப் போடுங்கள்.

இனி நான் மிக முக்கியம் என்று கருதுவதற்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கினார்கள். அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. இந்திய மொழிகளுக்கென்று அக்கறையோடு செய்த டிஸ்ட்ரோ. லினக்ஸ் ஏற்றிய கணினி இத்தனை பரவலாக, கிராமத்துக் குடிசை வரைக்கும், போன சந்தர்ப்பங்கள் உலகிலேயே அதிகம் இருக்காது. என்ன ஆனது? நான் பார்த்த வீடுகளில் எல்லாம், கணினி தொடங்கும்போது வரும் இரண்டு வரிகளில் விண்டோஸ் வரியைத்தான் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தார்கள். மற்றதைத் திறந்து காட்ட அவர்கள் அருகில் யாரும் இல்லை. ஆசிரியருக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியாது, ஊரில் கணினி பழுது பார்ப்பவர் அதை அழித்துவிட்டு இடத்தைக் கூட்டித் தருகிறேன் என்றார்.

கேரளத்தில் வேறு விதமாகச் செய்தார்கள். ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் முதலில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள். அவர்களிலிருந்தே பயிற்றுநர்களை உருவாக்கினார்கள். பத்தாம் வகுப்பின் கணினிச் செய்முறைத் தேர்வையே லினக்ஸில் நடத்தினார்கள். இன்று அந்தப் பணியைத் தொடரும் கைட் அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பைத் தருகிறது. அங்கே ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு வகுப்பறையிலேயே ஆள் உண்டு. பாஸ் மோசமான மென்பொருள் என்பதால் இங்கே தோற்கவில்லை. உபுண்டு உயர்ந்தது என்பதால் அங்கே வெல்லவில்லை. கேட்பதற்கு ஆள் இருந்தது, அங்கே.

அதனால் எந்த லினக்ஸ் என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி: உங்களுக்குத் தெரிந்தவர்களில் லினக்ஸ் பயன்படுத்துபவர் யார், அவர் எதை வைத்திருக்கிறார்? உங்கள் தம்பி மகள் கல்லூரியில் ஃபெடோரா வைத்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்து சரிசெய்து தருவாள் என்றால், உங்கள் வீட்டுக்கு ஃபெடோராதான் சரி. நான் இதுவரை சொன்ன தாளக் கணக்கையெல்லாம்கூட அதற்காகத் தள்ளி வைக்கலாம். அப்படி ஒருவரும் இல்லையென்றால், எந்த டிஸ்ட்ரோக் குடும்பத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் ஏற்கெனவே யாரோ கேட்டு விடையும் எழுதப்பட்டிருக்கிறதோ அந்தக் குடும்பத்துக்குள் போங்கள். இன்றைக்கு அது டெபியன், உபுண்டு, மின்ட் குடும்பம். இவை மூன்றும் ஒரே பேக்கேஜ் முறையைப் பகிர்ந்துகொள்வதால் ஒன்றுக்கு எழுதிய தீர்வு பெரும்பாலும் மற்றதற்கும் பொருந்தும். தமிழிலேயே படிக்க வேண்டுமானால் கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தொடர்ந்து எழுதிவருகிறது. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் எனப் பயனர் குழுக்கள் இருக்கின்றன. அங்கே கேள்வியோடு வருபவரை யாரும் விரட்டுவதில்லை.

தமிழ் தட்டச்சு பற்றிச் சிலர் முன்பே கேட்டிருந்தீர்கள். இதற்காக டிஸ்ட்ரோ தேர்ந்தெடுக்க வேண்டிய காலம் போய்விட்டது. யூனிகோடு தமிழைக் கோணாமல் காட்டுவதில் இன்று எந்தப் பெரிய டிஸ்ட்ரோவிலும் குறையில்லை. லோஹித், நோட்டோ எழுத்துருக்கள் எல்லாவற்றிலும் கிடைக்கும். அடிப்பதற்கு ஐபஸ் என்ற கருவியும் எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பும் போதும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் மூன்றும் அதில் உண்டு. ஒரு நுணுக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் சலித்துப்போகிறார்கள். அமைப்புப் பட்டியலில் தமிழ்99 இரண்டு இடங்களில் தென்படும். ஒன்று, விசைக்கு ஓர் எழுத்து என்று பொருத்தும் வெறும் விசைப்பலகை அமைப்பு. மற்றது, பெயருக்குப் பக்கத்தில் எம்17என் என்ற குறிப்போடு வருவது. இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். அதில் ஏ, கே, கே, க்யூ என்ற நான்கு விசைகளைத் தட்டுங்கள்: முதலில் அ, பிறகு ம, அடுத்த ம வரும்போது முன்னதன் தலையில் தானாகப் புள்ளி ஏறும், கடைசி விசையில் கால் சேர்ந்து அம்மா என்று நிற்கும். முதலாவதை எடுத்தவருக்குப் புள்ளி தானாக ஏறாது; லினக்ஸில் தமிழ் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புகள் வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருவை நகலெடுத்துப் போட்டால் படிக்க முடியும். ஆனால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வதே எதிர்காலத்துக்கு நல்லது, லினக்ஸுக்கு வந்தாலும் வராவிட்டாலும்.

இயந்திரத்தைப் பற்றி. ரேம் 4 ஜிபி இருந்தால் இலகுவான டெஸ்க்டாப்போடு நன்றாக ஓடும். 2 ஜிபியிலும் ஓடும், ஆனால் பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் திணறும். நினைவகத்தைத் தின்பது பெரும்பாலும் பிரவுசர்தான், எந்த டிஸ்ட்ரோவாலும் அதை மாற்ற முடியாது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவது, டிஸ்ட்ரோ மாற்றுவதைவிட அதிக வேகம் தரும். மிகப் பழைய 32 பிட் இயந்திரங்களுக்கு வழி குறுகிவிட்டது: உபுண்டுவும் மின்ட்டின் முதன்மைப் பதிப்பும் எப்போதோ விட்டுவிட்டன, டெபியனும் ட்ரிக்ஸியோடு அவற்றில் நிறுவுவதை நிறுத்திவிட்டது. எதிர்ப்பக்கம், இந்த ஆண்டு சந்தைக்கு வந்த புத்தம் புதிய லேப்டாப் என்றால் டெபியனின் கர்னல் அதன் வைஃபை சில்லையே அறியாமல் இருக்கலாம். அங்கே புதிய கர்னல் தொடர்ந்து வருகிற ஃபெடோரா பொருந்தும்.

பிரிண்டரை மறக்காதீர்கள். அண்மைக்கால வைஃபை பிரிண்டர்கள் பெரும்பாலானவை டிரைவரே இல்லாமல் தாமாகத் தென்படும். ஹெச்பிக்கு ஹெச்பிலிப் என்ற கட்டற்ற டிரைவர் தொகுப்பு இருக்கிறது. நம் ஊர் அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் நிறையக் காணப்படும் கேனான் எல்பிபி 2900 மாடல் தனக்கென்று ஒரு மொழி பேசுவது; அதற்குத் தனி டிரைவர் தேடி அமைக்க வேண்டியிருக்கும், எளிதில் முடியாது. டாலியில் கணக்கு எழுதுகிறவர்களும், போட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துகிறவர்களும் அந்த வேலை நடக்கும் கணினியை விண்டோஸிலேயே வைத்திருங்கள். லினக்ஸ் மேல் எனக்கு எவ்வளவு பற்று இருந்தாலும், ஒருவர் தொழிலை நிறுத்தி அதை வளர்க்கச் சொல்ல மாட்டேன்.

இப்போது பெயர்கள். கேட்பதற்கு ஆள் இல்லாத, விண்டோஸிலிருந்து வருகிற, ஐந்து முதல் பத்து வயதான லேப்டாப் வைத்திருக்கிற குடும்பத்துக்கு என் தேர்வு லினக்ஸ் மின்ட். கிளெமென்ட் லெஃபெவ்ர் 2006இல் தொடங்கியது; உபுண்டு எல்டிஎஸ்ஸின் மேல் கட்டப்பட்டது; 2024 ஜூலையில் வந்த 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு. ரேம் 8 ஜிபி என்றால் சின்னமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். வீட்டுப் பெரியவர்கள் தேட வேண்டியதில்லை. டைம்ஷிஃப்ட் என்று ஒரு கருவி கூடவே வருகிறது. ஒருமுறை அமைத்துவிட்டால், குறித்த இடைவெளிகளில் கணினியின் நிலையை அது பதிந்து வைத்துக்கொள்ளும். ஏதாவது கெட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். இந்த ஒன்றுக்காகவே நான் மின்ட்டைப் பரிந்துரைப்பேன்.

உபுண்டுவை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்கலாம். 2004இல் மார்க் ஷட்டில்வொர்த் அதைத் தொடங்கியதும், கேட்டவர் வீட்டுக்கெல்லாம் இலவசமாக சிடி அனுப்பியதும் லினக்ஸை வீடுகளுக்குள் கொண்டுவந்த பெரிய காரியம். வீட்டுப் பயனருக்கு ஐந்து கணினி வரை பத்தாண்டு பாதுகாப்பு ஆதரவை இலவசமாகத் தருகிற உபுண்டு புரோவும் உண்மையான கொடை. ஆனால் ஸ்னாப் என்ற தன் பேக்கேஜ் முறையை அவர்கள் திணிக்கிற விதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஃபயர்ஃபாக்ஸை வழக்கமான ஆப்ட் கட்டளையால் நிறுவச் சொன்னாலும் ஸ்னாப்தான் வந்து உட்காருகிறது. பயனர் ஒன்றைக் கேட்க, கணினி வேறொன்றைச் செய்வது கட்டற்ற மென்பொருளின் மரபு இல்லை. மின்ட் அந்த வழியை அடைத்து வைத்திருப்பதை நான் மதிக்கிறேன்.

ஒருமுறை நிறுவிவிட்டு, வருடக்கணக்கில் தொடாமல் வேலை மட்டும் பார்க்க விரும்புகிறவருக்கு டெபியன். முன்பு வைஃபைக்கான ஃபர்ம்வேரை நாமே தேடிப் போட வேண்டிய சிரமம் அதில் இருந்தது. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, புக்வார்மிலிருந்து அதையும் நிறுவும் வட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். கணினி அறிவியல் படிக்கிற மாணவருக்கு, அதுவும் இரண்டாவது கணினி இருந்தால், ஆர்ச். ஒவ்வொரு பகுதியையும் தானே பொருத்தும்போது கிடைக்கிற அறிவு பாடப்புத்தகத்தில் கிடைக்காது. ஆர்ச் விக்கி எந்த டிஸ்ட்ரோ வைத்திருப்பவரும் படிக்க வேண்டியது.

மின்ட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2016 பிப்ரவரியில் அவர்கள் இணையதளத்துக்குள் யாரோ புகுந்து, டிஸ்ட்ரோவை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ கோப்புக்குப் போகும் இணைப்பை மாற்றி, பின்வாசல் வைத்த போலிக் கோப்பை இறக்க வைத்தார்கள். அதை மறைக்காமல் உடனே அறிவித்தார்கள்.  அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்குங்கள். இறக்கிய பின் ஐஎஸ்ஓவின் எஸ்ஹெச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அந்த எண்ணின் கோப்பில் உள்ள கையொப்பத்தையும் பார்க்கப் பழகுங்கள். தெரிந்தவர் கொடுத்த பென்டிரைவிலிருந்து நேராக நிறுவாதீர்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுங்கள். வென்டாய் அல்லது ரூஃபஸ் கொண்டு மின்ட்டின் ஐஎஸ்ஓவை அதில் எழுதுங்கள். கணினியை அணைத்து, மீண்டும் போடும்போது எஃப்12 விசையைத் தட்டுங்கள். சில கம்பெனிகளின் கணினிகளில் அது எஃப்9 ஆகவோ எஸ்கேப் ஆகவோ இருக்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் வட்டில் எதையும் தொடாமலே லினக்ஸ் திறக்கும். மின்ட், உபுண்டு, ஃபெடோரா, டெபியன் நான்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை அணைக்காமலே தொடங்கக்கூடியவை. திறந்ததும் வைஃபை இணைகிறதா பாருங்கள். ஒரு பாட்டைப் போட்டு ஸ்பீக்கரைக் கேளுங்கள். கேமராவைத் திறந்து பாருங்கள். லேப்டாப்பை மூடித் திறந்து விழிக்கிறதா பாருங்கள். பிரிண்டரில் ஒரு பக்கம் எடுங்கள். வைஃபை மட்டும் வரவில்லை என்றால் பதற வேண்டாம். கைப்பேசியை யூஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் அதற்கான டிரைவரைக் காட்டிவிடும்.

எல்லாம் சரி என்றால் நிறுவலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு காரியம். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டொன்றில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பாருங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் என்ற வட்டுக் குறியாக்கம் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். இந்த இரண்டும் முடியும் வரை "இன்ஸ்டால்" பொத்தானைத் தொடாதீர்கள்.